கபாசோ இன்னும் பதில் சொல்லவில்லை

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை எனக்குத் தந்தது லொம்பே. இந்த ம்பிக்கா ஊரில் பதினெட்டு வருடமாக நான் பள்ளிக்கூட வாத்தியார். சாலை போடும் சீனர்களின் முகாம் வாசலில் அவள் மக்காச்சோளக் களியும் கப்பென்டா என்கிற பொடிமீன் கருவாடும் விற்கிறாள். நேற்று தட்டை நீட்டியபடியே சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் கதையை எழுதுங்க சார். ஆனா அவரை அழவிட்டுடாதீங்க."

'ஆப்பிரிக்கா மேற்கிலிருந்து கிழக்கு நோக்கித் திரும்பிய காலத்தில்…' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். கண்டம் திரும்பியதை நான் பார்க்கவில்லை. லொம்பே பார்த்தது, அவள் கணவர் கபாசோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததை.

2
கபாசோ இருபத்தாறு வருடம் ஓர் ஐரோப்பிய உதவி அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர். ஊர் ஊராகக் கிணறு தோண்டித் தந்த அலுவலகம். மார்ச்சில் மூடிவிட்டார்கள். பிரிவு விழாவில் கேக் வெட்டி, அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம்… (வேண்டாம். கொடுத்தது உண்மைதான். கதையில் வந்தால் நம்ப மாட்டீர்கள்.)

"சீனாக்காரங்க டிரைவர் தேடுறாங்க, கசூபா அப்பா" என்றாள் லொம்பே.

"அம்பத்திமூணு வயசுல புதுசா வணக்கம் சொல்லக் கத்துக்கணுமா?"

"நான் சொல்லித் தர்றேன்."

"உனக்குத் தெரிஞ்சது களி விக்கிற பாஷைதானே."

"ஆமா. மூணு மாசமா அதுலதான் நீங்க சாப்பிடுறீங்க."

சொல்லிக்கொடுத்தாள்: 'ச்சி ல மா'. நம் காதில் வசவு போல விழும். பொருள், சாப்பிட்டாச்சா. சீனர்களுக்கு அதுவும் ஒரு வணக்கம்.

3
முகாம் மேற்பார்வையாளர் லூவின் முன்னால் கபாசோ சான்றிதழ்களை நீட்ட மறந்து, அதைத்தான் கேட்டார்.

லூ பேனாவைக் கீழே வைத்தார். "இன்னும் இல்லையாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். கபாசோ வெளியே போய், மனைவியிடமிருந்து ஒரு தட்டு வாங்கி வந்தார்.

(லூவின் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். லொம்பே சொன்னதோ, அவர் இன்னும் கொஞ்சம் களி கேட்டார் என்பது மட்டும்.)

வேலை கிடைத்தது. ஆனால் இங்கே இல்லை, வடக்கே, தான்சானியா எல்லையில். மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. கிணற்று வேலைக்கு எவ்வளவு தூரம் போனாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிற மனிதர் அவர்.

4
கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவரை அனுப்பிவைத்தேன். இன்னொன்றில் நிறுத்திக்கொண்டேன். மூன்றாவதில் லொம்பே கடையோடு கூடவே கிளம்பினாள். மகள் கசூபாவுக்கு இது பரீட்சை வருடம், படிப்பது என் வகுப்பில். அந்த முடிவை நானே கிழித்தேன்.

"அவர் என்ன சொல்றார்?" என்று இன்று லொம்பேயைக் கேட்டேன்.

"நான் கேக்கல சார். போங்கன்னா போயிடுவார், இருங்கன்னா இருந்துடுவார். ஒரு தடவையாவது அவரா முடிவு பண்ணட்டும்."

இன்று சனிக்கிழமை. திங்கள் காலை லாரி வரும். முடிவு தெரிந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். லொம்பே அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். போனாலும் இருந்தாலும் சட்டை வேண்டுமே.