கரி வாங்கப் போன வன அதிகாரி

"காடு அழிகிறது. கரி அடுப்பை அணையுங்கள். முதலில் அவரவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள்" என்று வன அதிகாரி லைட்டன் கபுடுலா புதன்கிழமை வானொலியில் பேசினார். லிலாங்வே நகரமே கேட்டது. அவர் மனைவி எஃப்ரிடாவும் கேட்டாள். உடனே வீட்டிலிருந்த அரை மூட்டைக் கரியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை லைட்டனின் தட்டில் வாழைப்பழமும் பச்சை நிலக்கடலையும் இருந்தன.

"நிசிமா எங்கே?" என்று தினமும் உண்ணும் சோளக் களியைத் தேடினார்.

"கரன்ட் இல்லீங்க சிசோமோ அப்பா. கரியும் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஊருக்கே சொன்னதை வீட்டில் மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. மறுநாள் ரொட்டியும் தக்காளியும் வந்தன. அதற்கடுத்த நாள் தக்காளி மட்டும் வந்தது. கரன்ட் வந்ததென்னவோ எல்லோரும் தூங்கிய பிறகுதான்.

சனிக்கிழமை காலை, தொப்பியை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தன்னை யாரும் அறியாத ஒரு சந்தைக்குப் போனார். கரி விற்கும் நாசிபெகோ முன் குனிந்து, "ஒரு பை குடும்மா" என்றார்.

அவள் தலையைச் சாய்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஒரு பை."

"ஏய், இங்க வாங்கடி. வானொலிக்காரர் வந்திருக்காரு."

முகத்தை மறைத்தவர் குரலை மறைக்க மறந்துவிட்டார். தக்காளிக்காரி, மீன்காரி எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"புதன்கிழமையிலேருந்து வியாபாரம் படுத்துடுச்சேன்னு கவலைல இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க" என்றாள் நாசிபெகோ. பிறகு குரலைத் தணித்தாள். "நீங்க பேசினது பொய்யில்லைய்யா. முன்னெல்லாம் கரி கொண்டுவர்ற சைக்கிள்காரன் காலைல போனா சாயங்காலம் மூட்டையோட வந்துடுவான். இப்ப ரெண்டு நாள் ஆகுது. காடு அவ்வளவு தூரம் போயிடுச்சு. ஆனா என் பிள்ளைங்க சாப்பிடணுமே."

அவளே கரியைப் பையில் போட்டு, மேலே முட்டைக்கோஸ் இலைகளை வைத்து மூடிக் கொடுத்தாள்.

வீட்டில் எஃப்ரிடா இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கரியைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் மூன்றாவது உருண்டை நிசிமாவை விழுங்கும் வரை காத்திருந்து, "ரெண்டு வருஷமா கேஸ் கேக்கறேன்" என்றாள்.

"அது வெடிக்கும்."

"வெடிக்குமா? அப்போ வானொலில ஜனங்களை எதுல சமைக்கச் சொல்றீங்க?"

திங்கட்கிழமை சிலிண்டர் வந்தது. எஃப்ரிடா தீப்பெட்டியை அவர் கையில் திணித்தாள். லைட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை முழு நீளத்துக்கு நீட்டி, கண்ணை மூடிக் கொளுத்தினார். நீலமாகத் தீ பிடித்தது. உலகம் அப்படியே இருந்தது. வெட்கத்தோடு கண்ணைத் திறந்தவர், எஃப்ரிடா கரி அடுப்பைக் கொல்லைப்பக்கம் பத்திரமாக எடுத்து வைப்பதைப் பார்த்தார்.

"அது எதுக்கு இன்னும்?"

"பீன்ஸ் வேக மூணு மணி நேரம் ஆகும். அவ்வளவு கேஸுக்கு எங்க போறது?" என்றாள். "இதைப் போய் வானொலில சொல்லிடாதீங்க."