ரொஸேர் மாட்டிய பேக்கிங்

தன் அண்ணன் ரொஸேரைப் பெரிய மெக்கானிக் என்று ரொபெர்வால் ஊரே நம்புவதை நினைத்தால் கிஸ்லேனுக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியது போல இருக்கும். ஏரிக்கரையில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறான். உள்ளே எப்போதும் கணப்பு எரியும். நாலு பேர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாமாம், காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவானாம்.

கிஸ்லேன் காகித ஆலையில் இருபத்திரண்டு வருடமாக இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். குப்பையோடு குப்பையாகக் கிடந்த பனிமேல் ஓடும் 1970-ம் வருடத்து எஞ்சின் வண்டி ஒன்றை வாங்கி, ஊர்க் குளிர்காலக் கார்னிவலில் நடக்கும் பழைய வண்டிகளின் பந்தயத்துக்காக ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து சீர்படுத்தினாள். மிச்சம் இருந்தது கார்புரேட்டர் மட்டும்தான். ஆலையில் வேலை நெருக்கியதால், "குடு, நான் பாத்துக்கறேன்" என்று ரொஸேர் கேட்டபோது கொடுத்துவிட்டாள். அப்படிக் கொடுத்ததற்காகத் தன் மதிப்பில் தானும் ஒரு படி இறங்கித்தான் போனாள்.

வியாழக்கிழமை வண்டியை எடுக்கப் போனாள். பட்டறைக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரொஸேர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான், பூசை செய்கிறவன் மாதிரி.

"கேட்டியா? புல்லாங்குழல்!"

"கறுப்பா புகை வருதேண்ணே?"

"வயசான வண்டி புகைக்கத்தான் செய்யும். நீ புகைக்கல?"

நாலு பேரும் சிரித்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவனுக்கும் சொந்த வண்டியில் பிளக் மாற்றத் தெரியாது.

மறுநாள் காலை உறைந்த ஏரியில் குளிர் மைனஸ் இருபத்தேழு. வண்டி புகையோடு கிளம்பியது. வேகம் கூட்டும் கைப்பிடியை முழுக்க அமுக்கியதும் மூச்சு முட்டியது போல விக்கி, நின்றுபோனது. மூன்று முறையும் அப்படியே. போன் செய்தாள்.

"அமுக்கத் தெரியல உனக்கு. குழந்தையத் தட்டிக் குடுக்கற மாதிரி மெதுவா அமுக்கு."

"பந்தயத்துல தாலாட்டா பாடணும்?"

போனை வைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினாள். சும்மா ஓடவிட்ட பிறகு பார்த்தால் கரிபிடித்து ஈரம். வேறொரு பிளக் போட்டு, விக்கும் எல்லைவரை வேகம் கூட்டி ஓட்டி, சட்டென்று நிறுத்திப் பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளை. கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளையென்றால் பெட்ரோல் பற்றாக்குறை. ஒரே கார்புரேட்டரில் இரண்டுமா? ஸ்க்ரூ தப்பாக இருந்தால் மட்டும் இப்படி ஆகாது. யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள்.

கார்புரேட்டரைக் கழற்றி, வீட்டு மேஜையில் வைத்து அடிமூடியைத் திறந்தாள். பார்த்த மாத்திரத்தில், "அட, கர்மமே" என்றாள்.

கசிவை அடைக்கும் காகிதப் பேக்கிங்கை முதலில் கார்புரேட்டரின் உடலோடு ஒட்டி வைத்து, அதன்மேல் மெல்லிய ரப்பர் தகட்டை வைக்க வேண்டும். ரொஸேர் ரப்பரை முதலில் வைத்து அதன்மேல் பேக்கிங்கைப் போட்டிருந்தான். காகிதத்தின் கனம் இல்லாததால் ரப்பர் உள்ளேயிருந்த சின்ன நெம்புகோலை அமுக்கிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் ஓயாமல் கசிந்தது. அதனால்தான் புகை. புகையைக் குறைக்க, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் ஏறக்குறைய இறுக்க மூடிவிட்டான். அதனால்தான் வேகத்தில் பட்டினி. இப்படியே இரண்டு மைல் ஓட்டியிருந்தால் பிஸ்டன் சூட்டில் இறுகிப்போயிருக்கும். கணப்புக்குப் பக்கத்தில் நின்று, ஏரியில் ஓடப்போகிற வண்டிக்கு அளவு வைத்தவனுக்குக் காது எதற்கு, தொப்பி மாட்டவா?

புது ரப்பரை முறையாக மாட்டினாள். ஸ்க்ரூக்களை நோகாமல் அடிவரை மூடி, ஒரு சுற்றுத் திறந்தாள். வண்டியை மறுபடி ஏரிக்கு இழுத்துப்போய், கையுறையைக் கழற்றிவிட்டு, கால் சுற்று கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்தாள். விரல்கள் மரத்துப்போனால் கக்கத்தில் வைத்துக்கொள்வாள். ஆறாவது ஓட்டத்தில் பிளக் கறுப்புமில்லாமல் வெள்ளையுமில்லாமல் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. கைப்பிடியை முழுக்க அமுக்கினாள். வண்டி அவளைப் பின்னோக்கிச் சாய்த்துக்கொண்டு பாய்ந்தது.

சனிக்கிழமை பதினொரு வண்டிகளில் மூன்றாவதாக வந்தாள். இறங்கிக் கார்னிவல் கூடாரத்துக்குள் போனால், ரொஸேர் பட்டாணி சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரி நடத்திக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி வண்டின்னு வேலையில குறை வெப்பனா? எல்லாம் காதுதான்!"

மோரில் என்ற தபால்காரர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"அண்ணே, அந்தப் பேக்கிங்க எந்தப் பக்கம் வெச்ச?" என்றாள் கிஸ்லேன்.

ஏதாவது அளப்பான் என்று எதிர்பார்த்தாள். அளக்கவில்லை. காது மடல் சிவந்து, அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"இங்க வேணாம்மா. ஆளுங்க இருக்காங்க."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "உனக்குத் தெரியும்!"

"நேத்து மத்தியானம்தான். இன்னொரு வண்டியப் பிரிக்கறப்போ புத்தகத்துல படத்தப் பாத்தேன்."

"போன் பண்ண வாய் இல்லையா?"

"எப்படியும் பாதியில நின்னுடும், பழைய வண்டிதானேன்னு நீயும் விட்டுடுவன்னு நெனச்சேன்."

அவனை வெறும் வேலை தெரியாதவன் என்று இதுவரை நினைத்தது எவ்வளவு தாராளம்! அவள் திரும்பி, கூடாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "மோரில் அண்ணே, பேக்கிங்கத் தலைகீழா மாட்டினது இவன். அது தெரிஞ்சும் என்னை ஓட்ட விட்டதும் இவன். சரி பண்ணினது நான். இப்ப நல்லாத் தட்டிக் குடுங்க."

மோரில் தன் கையையே பார்த்துக்கொண்டார். ரொஸேர் சூப்புக் கிண்ணத்தை வைக்க இடம் தேடினான்.

வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான். பனியைக் காலால் சீய்த்தான். தனியாகத் தூக்கிப் பார்த்தாள், முன்பக்கம் மட்டும்தான் எழும்பியது.

"பின்னால பிடி. அதையாவது நேராப் பிடி" என்றாள்.

பிடித்தான். ஏற்றியதும் அவள் வார்களை இறுக்கிக் கட்டி, அவன் பக்கம் பாராமல் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.