பத்தொன்பது புள்ளி

கூடைப்பந்து ஆட்டம் முடிய இருபது நொடி இருந்தது. மார்லனின் அணி பதினான்கு புள்ளி முன்னால். பந்தும் மார்லன் கையில். எதிரணிக்காரர்கள் போதும் சாமி என்று இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள்; கூடைக்குக் கீழே ஈ காக்கை இல்லை.

“போடுடா! ஆளே இல்லடா, சும்மா போய்ப் போட்டுட்டு வாடா!” சோபாவிலிருந்து எழுந்து தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினான் ஒடெல்.

மார்லன் போடவில்லை. ஜெயித்து முடித்த ஆட்டத்தில் கடைசியாக ஒரு கூடை போட்டுத் தோற்றவனை மிதிப்பது அழகில்லை என்பது ஆட்டக்காரர்களுக்குள் வழக்கம். நின்ற இடத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். சங்கு ஊதியது.

“எம் புள்ளைக்கு மரியாதை தெரியும்” என்றாள் வெர்னெட்டா. அமெரிக்காவில் டொலிடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஞாயிறு மதியம் சர்ச்சுக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றாமல் மகன் ஆடுவதைப் பார்க்க உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி ஒடெல் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தான். திரையில் மார்லன் பெயருக்கு நேரே பத்தொன்பது புள்ளி. ஒடெலுக்கு வேண்டியிருந்தது இருபது.

இப்போதெல்லாம் எந்த அணி ஜெயிக்கும் என்று மட்டுமா பந்தயம்? இவன் எத்தனை புள்ளி எடுப்பான், அவன் எத்தனை பந்து பிடிப்பான் என்று ஆளுக்கொரு எண்ணைப் போட்டுப் போனிலேயே கடை விரிக்கிறார்கள். ஆட்டக்காரன் வீட்டார் கட்டக்கூடாது என்று விதி உண்டு. ஒடெல் கூட்டாளி பெயரில் கட்டுவது வெர்னெட்டாவுக்குத் தெரியும். கண்ணாடி ஆலையில் வேலை போனதிலிருந்து துவண்டு கிடக்கிறான், மருமகன் மேல் ஆசைப்பட்டுத்தானே கட்டுகிறான், தொலையட்டும் என்று விட்டுவிட்டாள். எவ்வளவு பெரிய அசடு அவள்!

ஒரு மணி நேரம் கழித்து மார்லன் போனில் கூப்பிட்டான். எப்போதும் ஒடெல்தான் பாய்ந்து எடுப்பான். இன்று அவன் சமையலறையை விட்டு வரவில்லை. மக்ரோனி ஒட்டிய தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா, தோத்தவன் மாதிரி பேசற?” என்றாள் வெர்னெட்டா.

“ஒண்ணுமில்லம்மா. பந்தயத்துல காசு விட்டவனுங்க எனக்குப் போன்ல திட்டி எழுதுவானுங்கல்ல, நான் படிக்கறதே இல்ல. இன்னிக்கு ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சு.”

“என்னவாம்?”

“‘உன் ரெண்டு காலும் ஒடியணும்டா, புறாக்காலா.’ எழுதினவன் பேர் போடல.”

மூன்று வயதில் மார்லனுக்குப் பாதம் இரண்டும் உள்பக்கம் வளைந்திருந்தது. இரும்புப் பட்டை கட்டி நடக்கவைத்தார்கள். அப்போது அவனைப் புறாக்காலா என்று கொஞ்சியவர்கள் மூன்றே பேர்: அவள், அவள் புருஷன், ஒடெல். புருஷன் செத்துப்போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. தினமும் காலையில் வாரை இறுக்கினால் பிள்ளைக்கு வலிக்குமே என்று தன் விரலை உள்ளே கொடுத்துப் பார்த்து, அந்தப் பட்டையைக் கட்டிவிட்டுத் தெருமுனைவரை கைபிடித்து நடத்திப் போனவன் ஒடெல். அந்தக் காலைத்தான் ஒடியச் சொல்லியிருக்கிறான். பாவி, படுபாவி.

“அம்மா, இருக்கியா?”

“இருக்கேன்டா.”

“மாமா அங்க இருக்காரா?”

“பாத்திரம் கழுவறான்.”

“போனை அவர்கிட்ட குடு.”

“வேணாம் ராசா. நான் பேசிக்கறேன்.”

“திட்டமாட்டேம்மா. ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சும் அவர்தானே மொதல்ல பேசுவாரு? குடு.”

அவள் சமையலறைக்குப் போய்ப் போனை நீட்டினாள். ஒடெல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் பார்க்க முடியாமல் குழாயை மூடினான். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். விரல் இடுக்குகளைத் துடைத்தான்.

“மாமா?” என்றது போன்.

கை காய்ந்து வெகுநேரமாகியும் ஒடெல் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“மாமா, இருக்கீங்களா?”