காற்றோட்டமான அறை

"கொஞ்சம் சாய்ச்சுக்கங்க, தோள் இடிக்குது" என்றாள் மனைவி. அவள் கால் பக்கம் பிடித்திருந்தாள். அவன் அப்பாவின் அக்குளுக்கடியில் கைகளைக் கோத்துத் தூக்கியிருந்தான். இரும்புக் கதவின் நிலை இரண்டடி அகலம்தான். ஒருக்களித்துத் திருப்பும்போது அப்பாவின் முழங்கை நிலையில் இடித்தது.

"பாத்துப்பா" என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மணி ஆறே கால். ஆறு மணிக்குக் காப்பி கொண்டுபோனபோது அவள்தான் முதலில் பார்த்தாள். உடம்பில் சூடு இன்னும் முழுதாகப் போகவில்லை. அழுகை வருவதற்கு முன்னால் இருவருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது. இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாயிற்று. எட்டு மணிக்குள் வந்துவிடுவாள். அதற்குள் அப்பா முன்னறைக்கு வந்தாக வேண்டும். அங்கேதான் படுத்திருந்தார், அங்கேதான் போனார் என்று ஆக வேண்டும்.

இப்போது அவரை வெளியே எடுத்துக்கொண்டிருந்த அறையைக் கட்டியவரே அப்பாதான். முப்பத்தைந்து வருஷம் லைன்மேனாக இருந்தவர். எந்தப் புயலுக்குப் பிறகும் விழுந்த கம்பத்தை நிமிர்த்த முதலில் போகிற ஆட்களில் ஒருவர். கூரை பறந்த வீடுகளைப் பார்த்துப் பார்த்து மனதில் என்ன வைத்திருந்தாரோ, ஓய்வுபெற்ற கையோடு சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் ஒரு புயல் அறைக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டார். பத்துக்கு எட்டு. செங்கல் பேச்சே இல்லை, நாலு பக்கமும் கம்பி கட்டிய கான்கிரீட். அஸ்திவாரத்திலிருந்து மேல்தளம் வரை கம்பியை ஒரே பின்னலாக இழுத்திருந்தார். ஜன்னல் கிடையாது. கதவுக்கு உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள். பாங்கில்கூட லாக்கருக்கு இவ்வளவு கம்பி போடமாட்டார்களே என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார். அன்றிலிருந்து தெருவில் அதற்கு லாக்கர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சுவரோரமாக ஆள் உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெயிண்டால் எண் போட்டிருந்தார். வீட்டில் இருப்பது நாலு பேர், பன்னிரண்டு இடம் எதற்கு என்று அவன் சண்டைக்குப் போனான். அப்பா பிரஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "காத்து அடிக்கிற நேரத்துல கதவத் தட்டுறவன, நீ யாரு எவருன்னு கேட்டுக்கிட்டு நிப்பியா?"

ஏழு வருஷத்துக்கு முன் அந்தக் காற்று வந்தது. தெருவில் பதினோரு கூரைகள் போயின. பன்னிரண்டு எண்களுக்குள் பத்தொன்பது பேர் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு லாக்கர் என்று சொன்னவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

பிறகு பெரிய காற்று எதுவும் வரவில்லை. மகள் பெரிய பரீட்சைக்குப் படித்த வருஷம் அப்பாவுக்கு இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. முன்னறையில் அவர் இருமினால் பக்கத்து அறையில் அவள் புத்தகத்தை மூடிவிட்டு அழுவாள். பரீட்சை முடிகிற வரைக்கும்தான் என்று அவன் இழுத்து இழுத்துச் சொன்னான். நான் கட்டின அறைதானே என்று அப்பா தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். பரீட்சை முடிந்தது. மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டாள். முன்னறையில் ஒரு மேசையும் பிரிண்டரும் வந்தன. அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வீடு தேடி வருகிறவர்களை உட்காரவைக்க இடம் வேண்டியிருந்தது. அப்பா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போன வருஷம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு நடமாட்டமும் நின்றுபோனது. இரண்டு வருஷம் நாலு மாதம் இப்படியே ஓடிவிட்டது.

அக்கா வரும் நாட்களில் மட்டும் கட்டில் மாறும். அதையும் அப்பாதான் ஞாபகப்படுத்துவார். "அவ வர்றதுக்குள்ள என்னை முன்னாடி கொண்டுபோய்ப் போட்டுடுடா. பாத்தா ஆடித் தீத்துடுவா" என்பார், கூட்டுக் களவாணியைப் போலச் சிரித்துக்கொண்டு.

இன்றும் அதே வேலைதான். மேசையைச் சுவரோடு தள்ளி, மடக்குக் கட்டிலை விரித்து அவரைப் படுக்கவைத்தார்கள். மனைவி போர்வையைக் கொஞ்சம் கசக்கி விட்டாள். மாத்திரை டப்பா, கண்ணாடி, எச்சில் கிண்ணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். கிண்ணத்தை இடது பக்கம் வைத்தவள், அப்பா வலது பக்கம்தான் துப்புவார் என்று நினைவு வந்து மாற்றி வைத்தாள். பிரிண்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள்.

அடுத்த தெரு டாக்டர் ஏழு மணிக்கு வந்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தில் விரல் வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்கதான் படுத்திருந்தாரா?"

"ஆமா டாக்டர்."

டாக்டர் ஜன்னலோரம் நின்று சான்றிதழ் எழுதினார். திரைச்சீலை அவர் தோளில் வந்து வந்து பட்டது. எழுதி முடித்துப் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்: "நல்ல காத்தோட்டமான ரூம். மூச்சு முட்டாமப் போயிருப்பாரு. நல்லாத்தான் வச்சிருந்திருக்கீங்க."

அவன் டாக்டரை வாசல்வரை கொண்டுவிடப் போனான். செருப்பை மாட்டக்கூட மறந்துபோய்த் தெருவரை போய்த் திரும்பினான்.

அதற்குள் எதிர்வீட்டு டெய்லர் வந்துவிட்டார். படியேறி உள்ளே வந்தவர், முன்னறையைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்றார். திரும்பி வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். வீட்டுக்குள் வந்து நாளாயிற்று, தடுமாறிவிட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டான். டெய்லர் அன்றைய புயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். உள்ளே இருந்த எல்லோரையும் ஒருவர் விடாமல் எண்ணிவிட்டு, லைன்மேன் தனக்கு இடமில்லாமல் கதவில் முதுகைக் கொடுத்து விடியும்வரை நின்றதைச் சொன்னார். சொல்லும்போது ஒருமுறைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா போன் செய்தாள். பாலத்தைத் தாண்டிவிட்டாளாம், இன்னும் அரைமணிதான். மனைவி அவனைத் தனியே கூப்பிட்டு, "அந்தக் கட்டில்" என்று மட்டும் சொன்னாள். மற்ற நாட்களில் பின்னறைக் கதவைச் சாத்தி வைத்தால் போதும், இன்று வீடெங்கும் ஆட்கள் நடமாடுவார்கள்.

அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு புயல் அறைக்குள் போனான். அறைக்குள்ளேயே வைத்து நட்டு முடுக்கிப் பூட்டிய இரும்புக் கட்டில் அது. பிரிக்காமல் வெளியே வராது. ஐந்தாம் எண்ணிலிருந்து எட்டாம் எண்வரை அதன் கால்களுக்கிடையே மறைந்திருந்தன. விளக்கைப் போட்டான். அந்த விளக்கு இல்லாவிட்டால் காலை ஏழரை மணிக்கும் உள்ளே எதுவும் தெரியாது என்பதை அவன் இப்போதுதான் முதல்முறையாகக் கவனித்தவன்போல நின்றான். மெத்தையைச் சுருட்டினான். முதல் நட்டு சுலபமாகக் கழன்றது. இரண்டாவது துருப்பிடித்திருந்தது. குந்தி உட்கார்ந்து அதைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றது ஒரு குரல்.

அவன் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினான். யாரும் இல்லை.

"லைன்மேனண்ணே, முழிச்சாச்சா?"

குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கட்டிலின் தலைமாட்டை ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புக் குழாயின் வாய். கதவை அடைத்துக்கொண்டால் மூச்சுவிட வழி வேண்டும் என்று அப்பா வைத்தது. சுவரின் அந்தப் பக்கம் கீழ்நோக்கி வளைந்து பின்சந்தில் போய் முடிகிறது. அப்பா தலையணையைக் கதவுப் பக்கத்திலிருந்து மாற்றி இந்தப் பக்கம் போடச் சொன்னபோது, வயசானவருக்கு என்னவோ ஒரு பிடிவாதம் என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிப் போட்டிருந்தான்.

குரல் யாருடையது என்று இப்போது தெரிந்தது. சந்து கூட்ட வருகிற அம்மா. அன்று உள்ளே இருந்த பத்தொன்பது பேரில் அவளும் ஒருத்தி.

"இன்னிக்கு வானம் வெளுத்துக் கெடக்குண்ணே. மேகம்னு பேருக்குக்கூட இல்ல. காத்து தெக்க இருந்து, லேசாத்தான்." துடைப்பத்தைச் சுவரில் தட்டி நேராக்கும் சத்தம் கேட்டது. "கடைசி வீட்டுக்காரரு மாடியில தகரம் போட்டிருக்காரு. நீங்க கேட்டீங்கன்னு நல்லா எட்டிப் பாத்தேன். நாலே நாலு போல்ட்டு. நீங்க பாத்தா திட்டித் தீத்துடுவீங்க."

அவன் ஸ்பானரைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

"நேத்து சாயங்காலம் டெய்லர் ரொம்ப நேரம் ஒக்காந்து பேசினாராமே. கொழா பக்கத்துல கெடந்த கல்ல நவுத்திப் போட்டுட்டுப் போயிட்டாரு, இப்ப அதுல ஒக்காந்தா எனக்குக் கொழா எட்டல. நாளைக்கு அந்தாளுகிட்ட சொல்லணும், எல்லாரும் ஒக்கார்ற எடம்னு."

அவள் நிறுத்திக் காத்திருந்தாள். குழாய் வழியாக வந்த காற்று அவன் முழங்காலில் பட்டது. வீட்டின் முன்பக்கத்தில் ஆட்கள் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னண்ணே, பேச்சையே காணோம்."

அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது, இரண்டே சொல்தான்.

அவள் குழாய்க்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்திருக்க வேண்டும். இப்போது குரல் காதோடு பேசுவதுபோல் இருந்தது. "புள்ள பக்கத்துல நிக்கிறாரா? நின்னா எப்பவும்போல ரெண்டு தட்டு தட்டுங்க. நான் சத்தமில்லாமப் போயிடறேன்."

அவன் விரல்கணுவால் குழாயின் வாயில் ஒருமுறை தட்டினான். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.

"சரிண்ணே" என்றாள் அவள் மெதுவாக. "நாளைக்கு வரேன்."

துடைப்பம் சந்தின் மறுகோடிவரை கூட்டிக்கொண்டே போயிற்று.