பின் அச்சுக்குத் தோல்

மாட்டுங்காவில் வேங்கடசுப்ரமணியன் என்று ஓர் ஐயர். இன்ஷ்யூரன்ஸ் ஆபீசில் பெரிய வேலை. அவர் சம்சாரம் ராஜலக்ஷ்மி அம்மாவுக்கு முதுகில் வலி. வாரம் ஒருநாள் செம்பூரில் ஒரு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுப் பிடித்துக்கொள்ளப் போவார்கள். கூட்டிப்போய்க் கூட்டி வருவது என் டாக்ஸி வண்டி. சண்டைக் காலம், வேறு சவாரி கிடையாது. இதுவும் போனால் வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தபின் எல்லாரையும் போல நானும் வண்டிக்குப் பின்னால் கரி கேஸ் டிரம் மாட்டியிருந்தேன். ஆள் உயரம் இருக்கும். உள்ளே அடுப்புக்கரியை மூட்டினால் அந்த கேஸில் எஞ்சின் ஓடும். விற்றவன் அப்படித்தான் சொன்னான். ஏற்றத்தில் நின்றுவிடும் என்பதைச் சொல்லவில்லை.

டிரம்மின் பாரத்தில் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பின் அச்சையும் அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிப்ரன்ஷியலையும் வண்டியோடு பிணைத்துப் பாரத்தைத் தாங்குவது இரண்டு வில். பட்டை மேல் பட்டையாக அடுக்கியது. அது வளைவு போய்ப் பலகையாகிவிட்டது. வில்லின் முனையை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தில் வளையம் மாதிரி ரப்பர் புஷ் இருக்கும். அது நசுங்கி, பிய்ந்து, ரோட்டில் விழுந்து போயிற்று. அப்புறம் இரும்பும் இரும்பும்தான்.

"நயினார், வைத்தியர் பிடிச்சுவிட்டதெல்லாம் சயான் வரதுக்குள்ள உன் வண்டி கலைச்சுடறது" என்றார் அந்த அம்மா.

"அடுத்த வாரமும் இப்படின்னா நாகூர் கனி வண்டியைச் சொல்லிடுவேன்" என்றார் ஐயர்.

நாகூர் கனி ஸ்டேஷன் வாசலில் வண்டி போடுகிறவன். அவன் வில்லும் பலகைதான். ஐயருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பார்.

நான் ஒர்க்ஷாப்புக்குப் போவதில்லை. வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டிவிடுவார்கள். யார் என்று கேட்டால், எல்லாரும்தான். தாராவியில் என் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். வில்லுக்கு மேல் பட்டை ஒன்று சேர்க்க, குர்லா பழைய இரும்புக் கடையில் லாரிப் பட்டை கிடைத்தது. ரப்பர்தான் இல்லை. மலேயாவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று கடைக்காரன் கையை விரித்தான். உள்ளே வைத்துக்கொண்டே இல்லை என்கிறான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரி தங்கமயிலின் தம்பி பூதத்தான் தோல் கிடங்கில் வேலை பார்த்தான்.

"ரப்பர் எதுக்கு அத்தான்? எருமைக் கழுத்துத் தோலை வட்டம் வட்டமா வெட்டி அடுக்குவோம். ஆயுசுக்கும் நசுங்காது."

"வெறச்சுப்போகும்லே."

"மீன் எண்ணெயில ஊறப்போட்டுத் தாரேன். பட்டாளத்துக் குதிரைச் சேணத்துக்கே அதைத்தான் போடுதோம்."

"கேட்டு வாங்கிட்டு வருவியா, தூக்கிட்டு வருவியா?"

"கேட்டா குடுக்க மாட்டாவ."

ஜாக் வைத்து வண்டியைத் தூக்கினேன். ஜாக்கை நான் நம்புவதில்லை. அடியில் கருங்கல்லும் அடுக்கி, பூதத்தானை முதலில் படுக்கச் சொன்னேன். கல் தாங்கியது. பிறகு நானும் படுத்தேன். வில்லை இறக்கி, கொல்லனிடம் கொடுத்து வளைத்து வாங்கிய புதுப் பட்டையைச் சேர்த்து, இடையில் கிரீஸ் தடவி ஏற்றினோம். தோல் வளையங்களை முனையில் வைத்து மரச்சுத்தியால் தட்ட, எண்ணெய் வழிந்துகொண்டே இறங்கின. போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது மட்டும், வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் விழுந்த பிறகு. தூக்கிவைத்தபடி முறுக்கினால் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் போய்விடும்.

தங்கமயிலைப் பின்சீட்டில் செம்புத் தண்ணீரோடு உட்கார வைத்து சயான் வரை ஓட்டினேன். தண்ணீர் சிந்தவில்லை.

"வேற ஏதும் கோளாறு தெரியுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். அவளும் தோல் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவள்தான்.

அந்த வாரம் ஐயரும் அம்மாவும் ஏறினார்கள். வண்டி மெத்தை மாதிரி போயிற்று. சயான் தாண்டும்போது டிரம்மும் அதன் அடியில் வில் முனையும் நன்றாகச் சூடேறியிருந்தன. ஐயர் கைக்குட்டையை எடுத்தார்.

"நயினார், மீன் ஏத்தினியா?"

"கரி மட்டும்தான் சாமி."

"கரி இப்படி நாறாது."

நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கூலியைக் குறைக்க ஐயர் புது வழி கண்டுபிடித்துவிட்டார் என்று முடிவு செய்து ஓட்டினேன்.

வைத்தியர் வீட்டிலிருந்து அவர்கள் வெளியே வந்தபோது வண்டிக்கு அடியில் பூனைகள். ஒன்று பின்னங்காலில் நின்று வில்லின் முனையை நக்கிக்கொண்டிருந்தது. ஐயர் என்னைப் பார்த்தார்.

"நிழலுக்கு வந்திருக்கு சாமி" என்றேன்.

"நிழலை நக்குமோ?"

பூனைகளை விரட்டிவிட்டுக் கிளம்பினோம். ஒன்று மட்டும் கால் வைக்கும் படியில் ஏறி மாட்டுங்கா வரை கூடவே வந்தது. அவர்கள் தெருவில் நாய்களும் சேர்ந்துகொண்டன. மாடிகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னியோட சரி. நாகூர் கனியைச் சொல்லிடறேன்" என்றார் ஐயர்.

அதற்குள் அம்மா இறங்கி நிமிர்ந்து நின்றார். வழக்கமாக இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும்.

"ஏன்னா, யார் கையையும் பிடிக்காம இறங்கிட்டேன், பாத்தேளா?"

"அது வைத்தியர் கைராசி."

"அவர் மாசக்கணக்காத்தான் பிடிக்கறார். நயினாரே வரட்டும்."

"மீன் நாத்தம்டி, ராஜம்."

"நேக்கும் மூக்கு இருக்கு. நாறறதுதான். ஆனா முதுகு வலிக்கலையே."

"அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவா?"

"அப்போ நீங்க ரயில்ல வாங்கோ."

ஐயர் உள்ளே போய்க் குளித்தார். தண்ணீர் கொட்டும் சத்தம் தெரு வரை கேட்டது.

விஷயத்தைக் கேட்ட பூதத்தான், "வேற தோலை விளக்கெண்ணெயில ஊறப்போட்டுத் தாரேன் அத்தான், மாத்திருவோம்" என்றான். ஒழுங்காக ஓடுகிற வண்டியில் கைவைக்க நான் சம்மதிக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறினார். பின்சீட்டில் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டார். செம்பூர் போய்ச் சேர்ந்தபோது, ரயிலில் வந்த ஐயர் எங்களுக்கு முன்பே வைத்தியர் வாசலில் நின்றிருந்தார். அவரைச் சுற்றிப் பூனைகளும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.