மூன்றாவது தவணை

துறைமுகத்தடிக் கடையொன்றில் துசானி தவணைக்கு லப்டொப் வாங்கி, வீட்டிலிருந்தே கலியாண அழைப்பிதழ்கள் வடிவமைத்து வந்தாள். மூன்றாவது தவணை பிந்தியதும், பட்டப்பகலில் கடையின் வசூல்காரன் கதவை உதைத்துத் திறந்தான்.

"பத்து நாள் பொறுங்கோ அண்ணை, காசைக் கட்டிப்போடுவன்."

"கதை வேண்டாம்!"

அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்தது. அவன் லப்டொப்பைத் தூக்கியபோது, இரத்தம் கண்ணை மறைக்க, துசானி கதிரையை எடுத்து அவன் முழங்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்தது. அவன் லப்டொப்பைப் போட்டுவிட்டு அலறியபடி வெளியே ஓடினான்.

ஏழு தையல்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவளைப் பார்க்கக் கடை முதலாளி வந்தார்.

"பொலிசில குடுத்த முறைப்பாட்டைத் திருப்பி எடுங்கோ தங்கச்சி. மிச்சக் காசை ஆறுதலா, வசதிப்படுறபோது கட்டலாம்."

துசானி கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள்.

"ஏலாது. காசையும் கட்டுவன், வழக்கையும் விடமாட்டன்."