விரலடியில் ஒரு கடிதம்

ஞாயிறு மதியம் கட்டிலில் சாய்ந்திருந்தவள், மடியில் கிடந்த பிரெய்ல் நோட்டேக்கரில், பார்வையில்லாத அவள் விரலால் தடவிப் படிக்கும் கருவியில், சும்மா கை வைத்தாள். தூக்கிவாரிப்போட்டது. புள்ளிகள் தாமாகவே எழுந்துகொண்டிருந்தன.

காலையில் அதைக் கூடத்துக் கணினியோடு ப்ளூடூத்தில் இணைத்து மின்னஞ்சல் படித்திருந்தாள். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் குரலில் சொல்லும். இந்தக் கருவிக்குப் புள்ளிகளாகவும் அனுப்பும். இப்போது கணினி முன்னால் இருந்தது அண்ணன். காதைத் துளைக்கிறது, நிறுத்திவிட்டேன் என்று சற்றுமுன் அங்கிருந்தே குரல் கொடுத்திருந்தான். அவன் நிறுத்தியது பேச்சை மட்டும்தான். விரலுக்குப் போகும் வழி திறந்தே கிடப்பது அவனுக்குத் தெரியாது.

அடுத்தவர் எழுதுவதைப் படிக்கக் கூடாதென்று கையை எடுக்கப் போனாள். அதற்குள் முதல் வரி வந்துவிட்டது. 'மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு.'

அவளுடைய மேலாளர். அவளுடைய மின்னஞ்சல் கணக்கிலிருந்தே. மருத்துவமனைத் தொலைபேசி விசாரணையில் ஆறு வருடமாகப் பார்க்கும் வேலையை 'நானே விரும்பி' விடுவதாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

போன மாதம் ஒரு வண்டி அவள் கைத்தடியை ஒடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து, அவள் வீடு திரும்பும்வரை அண்ணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பான். வேலை போதும் என்று தினமும் ஒரே பாட்டு. ரேடியோவிலாவது பாட்டை மாத்துவாங்க என்று அண்ணிகூடக் கிண்டலடித்தாள். அவளும் சிரித்து மழுப்பியிருந்தாள்.

கத்தினால் உடனே அனுப்பிவிடுவான். 'இப்படிக்கு' என்று புள்ளிகள் எழுந்தன. அடுத்து அவள் பெயர்.

கருவியில் தட்டுவது கணினிக்கும் போகும். அழிக்கும் விசையை அழுத்தினாள். பெயர் கரைந்தது. கூடத்தில் விசை தட்டும் சத்தம் நின்றது. அவன் மறுபடி தட்டினான், மறுபடி அழித்தாள். பிறகு எழுதினாள்: 'அண்ணா, நான் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.'

நாற்காலி நகர்ந்தது. காலடி வந்து அறை வாசலில் நின்றது. அனுப்பிவிட்டு வந்திருக்கிறானா? அவசரமாகத் தடவினாள். அவள் எழுதிய வரி அப்படியே கிடந்தது. கடிதம் போகவில்லை.

"பயமா இருக்குடா குட்டி," என்றான் அண்ணன்.

"எனக்கு இப்போ உன்னை நெனச்சாதான் பயமா இருக்கு."

விரலடியில் ஒரு புள்ளியும் மிஞ்சாதபடி அவள் அழித்தாள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவன் நின்றுகொண்டிருக்கும்போதே அதை மாற்றத் தொடங்கினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகிப்போனது.